பூச்சு கரைந்த பிறகு இடுப்பு மூட்டை எது பிடித்திருக்கிறது?

கேள்வி, 4 ஜனவரி 2022

அம்மாவுக்கு சிமென்ட் (உலோகத்தை எலும்பில் நிறுத்தும் பசைபோன்ற பொருள்) இல்லாத இடுப்பு மூட்டு வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. ஸ்டெம்மின், அதாவது தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டின், மேல் ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு இருக்கிறது. பத்து வருடத்தில் அந்தப் பூச்சு கரைந்துவிடும், அதற்குப் பிறகு ஸ்டெம் தளரத் தொடங்கும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். வலி எதுவும் இல்லை. இருந்தாலும் இப்போதே மாற்றிவிடுவது நல்லதா?

4 ஜனவரி 2022

மாற்றவேண்டாம். வலியில்லாமல் நடக்கிறார், எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது என்றால், பூச்சுக்கு வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் மறுபடி திறக்க மாட்டார்கள்.

அவர் சொன்னதில் முன்பாதி சரி. பூச்சு கரையும், சில இடங்களில் முழுக்கவே போய்விடும். "அதனால் தளரும்" என்ற பின்பாதிதான் தவறு. என் வலது இடுப்பிலும் இப்படி ஒரு ஸ்டெம் இருக்கிறது. அதற்கு முன்பே பல வருடம் பிளாஸ்மா தெளிப்பு (மின்சாரத்தால் சூடேற்றிய வாயுச் சுடரில் தூளை உருக்கித் தெளிப்பது) பட்டறையில் உலோகத்தின் மேல் பீங்கான் பூச்சு ஏற்றும் வேலை பார்த்தவன் நான். இந்த விஷயத்தை விடவே மாட்டேன், விரிவாக எழுதுகிறேன்.

5 ஜனவரி

முதலில் பூச்சு எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம்.

ஹைட்ராக்ஸிஅபடைட் என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. நம் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதே குடும்பத்துத் தாதுதான். அதன் தூளை பிளாஸ்மா சுடருக்குள் ஊதுவார்கள். சுடரின் நடுப்பகுதி 10,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒவ்வொரு தூள்மணியும் அந்தச் சூட்டில் இருப்பது நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான். அதற்குள் மேற்பரப்பு உருகி, பறந்துவந்து சொரசொரப்பாக்கப்பட்ட டைட்டானியத்தில் மோதி, தட்டையாகி ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் அடுத்த மணி, அதற்கும் மேல் இன்னொன்று.

மோதிய வேகத்திலேயே குளிர்ந்துவிடுவதால் எல்லாம் படிகமாக இறுகுவதில்லை. ஒரு பகுதி படிக ஒழுங்கு இல்லாமலே உறைந்துவிடும். உடல் திரவத்தில் அதுதான் சீக்கிரம் கரையும். படிகமானது நின்று நிதானமாகக் கரையும். மருத்துவப் பூச்சுக்கான சர்வதேசத் தரம் குறைந்தது 45 சதவீதம் படிகம் கேட்கிறது. பூச்சை உலோகத்திலிருந்து நேராகப் பிய்க்க சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் இழுவையாவது வேண்டும் என்றும் சொல்கிறது.

பூச்சு தடித்தால் விரிசல் விட்டுப் பாளமாகக் கழன்றுவிடும். மெலிந்தால் எலும்பு வந்து சேருமுன்னே காணாமல் போய்விடும். அதனால்தான் பெரும்பாலும் 50 முதல் 200 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிறுத்துகிறார்கள். 1986 முதல் பயன்பாட்டில் இருக்கும் கோரைல் ஸ்டெம்மில் 155 மைக்ரான், தலைமுடித் தடிமனில் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம்.

ஆக, கரைவது கோளாறால் நடப்பதில்லை. எவ்வளவு வேகத்தில் கரையவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள்.

9 ஜனவரி

"எலும்பு உண்மையிலேயே ஒட்டுகிறதா, இல்லை சும்மா இறுக்கமாக நிற்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும்தான். முதலில் இறுக்கம், பிறகு ஒட்டு.

அறுவை மேசையில் ஸ்டெம்மைப் பிடிப்பது வெறும் இறுக்கம். எலும்புக்குள் அரத்தால் குடைந்த பள்ளத்தைவிட ஸ்டெம் கொஞ்சம் பெரிது. தட்டி இறக்கும்போது எலும்பு நெகிழ்ந்து கவ்விக்கொள்கிறது. கப்பும் (இடுப்பெலும்பின் குழியில் உட்காரும் கிண்ணம்) அப்படித்தான். குடைந்த குழியைவிட 1 அல்லது 2 மில்லிமீட்டர் பெரிய கப்பை அழுத்தி உட்காரவைப்பார்கள். அன்றைக்கு உயிருள்ள ஒட்டு எதுவும் கிடையாது.

உலோகத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து உறைகிறது. அடுத்த நாட்களில் அழற்சி செல்கள் வந்து நசுங்கிய எலும்புத் துகள்களை அப்புறப்படுத்துகின்றன. உறைந்த ரத்தத்தின் இழைகளைப் பிடித்துக்கொண்டு எலும்பு கட்டும் செல்கள் ஊர்ந்து வருகின்றன. முதல் சில வாரங்களில் அவசர எலும்பு உருவாகிறது. அதன் நார்கள் தாறுமாறாகக் கிடக்கும், பலமும் குறைவு, ஆனால் வேகமாக வளரும். ஏறத்தாழ நான்காவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் பிடிப்பின் பெரும்பகுதி அமைந்துவிடும். அதற்குப் பிறகு அவசர எலும்பைத் தின்று, சுமை போகும் திசையில் அடுக்கடுக்கான முதிர்ந்த எலும்பை வைக்கும் வேலை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கும்.

இதில் பூச்சு என்ன செய்கிறது? சாதாரண உலோகத்தை நோக்கி எலும்பு பெரும்பாலும் ஒரு பக்கமிருந்துதான் வரும், பழைய எலும்பின் விளிம்பிலிருந்து. ஹைட்ராக்ஸிஅபடைட் இருந்தால் கட்டும் செல்கள் பூச்சின் மேலேயே உட்கார்ந்து, அங்கிருந்தும் கட்டத் தொடங்கும். இரு கரையிலிருந்தும் வருவதால் இடைவெளி சீக்கிரம் அடைபடும். கரையும் பூச்சிலிருந்து வெளிவரும் கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கேயே மறுபடி படிந்து புது எலும்போடு கலந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் நார்த்திசு எதுவும் இல்லாமல் எலும்பும் பூச்சும் நேராகச் சேர்ந்திருக்கும்.

கட்டடம் எழும்பும்வரை நிற்கும் சாரம் என்று பூச்சை நினைத்துக்கொள்ளலாம். சாரத்தைப் பிரித்ததும் கட்டடம் விழுவதில்லை.

9 ஜனவரி, பின்னிரவு

ஒரு சேர்க்கை. சாரத்தைப் பிரித்தால் அதன் மரம் வேறிடம் போய்விடும். இங்கே அப்படியில்லை. பூச்சின் ஒரு பங்கு புது எலும்புக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது, மீதியை ரத்தம் கொண்டுபோகிறது. இரவில் படுத்தபடி யோசித்ததில் இந்த வேறுபாடு உறுத்தியது, எழுந்து எழுதிவிட்டேன்.

14 ஜனவரி

அம்மாவின் எக்ஸ்ரே படங்கள் கையில் இருப்பதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். படத்தில் எதைப் பார்ப்பது என்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த இழையில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்: அசைவு.

நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஸ்டெம்முக்கும் எலும்புக்கும் நடுவே மிகச் சிறிய நகர்வு ஒன்று இருக்கும். அது 40 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு வளரும். 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். நடுவில் இருந்தால் இரண்டும் கலந்து வரும். விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டிய எல்லைகள் இவை. 150 மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு நூலிழையில்தான் எலும்பா நாரா என்பது முடிவாகிறது.

பூச்சு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஆடிக்கொண்டிருக்கும் ஸ்டெம்மை அது காப்பாற்றிவிடும் என்று நம்பக்கூடாது. அளவு சரியாகப் பார்த்து, இறுக்கமாக உட்காரவைத்த அறுவை மருத்துவரின் கைதான் முதல் பூச்சு என்பேன்.

17 ஜனவரி

மேலே எழுதியதைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும். டென்மார்க்கின் செபல்லே குழு 1990களின் தொடக்கத்தில் நாய்களில் ஒரு சோதனை செய்தது. வேண்டுமென்றே ஆடும்படி வைத்த உள்பொருத்திகள். வெறும் டைட்டானியத்தைச் சுற்றி நார்த்திசுதான் நின்றது. ஹைட்ராக்ஸிஅபடைட் பூசியதைச் சுற்றியும் முதலில் நார்த்திசுதான் வந்தது, ஆனால் போகப்போக அதன் இடத்தை எலும்பு பிடித்தது. 150 மைக்ரான் அளவு அசைவு தொடர்ந்தபோதுகூட. ஆகவே எல்லையை ஒருமுறை தாண்டினாலே கதை முடிந்தது என்று யாரும் பயப்படவேண்டாம். பூச்சு கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருகிறது. ஒரு மில்லிமீட்டர், சில நேரம் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியைக்கூட அது எலும்பால் நிரப்பவைக்கிறது என்பதும் அதே குழுவின் வேலையில் வந்தது.

முதலில் இறுக்கம் வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. அதன் கடுமை மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

18 ஜனவரி

"அப்படியென்றால் மூன்று மாதம் கால் ஊன்றக்கூடாதா?"

உங்கள் மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்குச் சட்டம். பொதுவாகச் சொன்னால், நன்றாக இறுகிய ஸ்டெம்முக்கு உடனே ஊன்றுவது கெடுதல் இல்லை என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இறுக்கத்தில் சந்தேகம் இருந்தாலோ, எலும்பில் விரிசல் விழுந்து கம்பி சுற்றியிருந்தாலோ தள்ளிப்போடுவார்கள். ஊன்றுவதைவிடக் காலைத் திருகுவது ஸ்டெம்மை அதிகமாக அசைக்கும். மாடிப்படி ஏறும்போதும் தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழும்போதும் அந்தத் திருகு வரும். என் பிசியோ இதை விளக்கிய நாளிலிருந்து நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் அழுத்தித்தான் எழுவேன். இன்றும் அந்தப் பழக்கம் விடவில்லை.

23 ஜனவரி

எக்ஸ்ரே. இவையெல்லாம் மருத்துவரிடம் கேட்பதற்கான வார்த்தைகள், நீங்களே தீர்ப்பு எழுத அல்ல.

ஸ்டெம்மைச் சுற்றியுள்ள எலும்பை 1979இல் க்ருயன் என்பவர் ஏழு மண்டலமாகப் பிரித்தார். இன்றும் மருத்துவர்கள் அந்த எண்களைத்தான் சொல்வார்கள். பூச்சுள்ள பகுதியில் ஸ்டெம்மிலிருந்து எலும்புச் சுவருக்கு வெள்ளையாகப் பாலம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பற்றவைத்த புள்ளிகள் என்று அதைக் குறிப்பிடுவார்கள். அது எலும்பு பிடித்ததற்கு நல்ல அடையாளம். பூச்சுள்ள பகுதியைச் சுற்றி கறுப்புக் கோடு ஓடாமல் இருக்கவேண்டும். பூச்சில்லாத வழவழப்பான நுனியைச் சுற்றி மெல்லிய கோடு இருந்தால் பதற வேண்டாம், அங்கே எலும்பு ஒட்டவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தளர்ந்ததற்குக் கனமான சான்று ஸ்டெம் கீழே இறங்கிக்கொண்டே போவது.

கொஞ்சம் இறங்குவது வழக்கம். கழுத்துப் பட்டை (எலும்பின் வாயில் தட்டி நிற்கும் உலோக விளிம்பு) இல்லாத ஸ்டெம்கள் முதல் வாரங்களில் சற்று இறங்கி, ஏறத்தாழ மூன்று மாதத்துக்குள் நின்றுவிடும். இதைத் துல்லியமாக அளக்கும் வழியை ஸ்வீடனின் லுண்ட் நகரில் செல்விக் 1974இல் வகுத்தார். எலும்பில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள டான்டலம் என்ற உலோகத்தின் மணிகளைப் பதித்து, இரண்டு கோணங்களில் ஒரே நேரத்தில் எக்ஸ்ரே எடுப்பார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்வுகூடத் தெரிந்துவிடும். இந்த அளவையில் ஒரு ஸ்டெம் முதல் இரண்டு வருடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தே அதன் எதிர்காலத்தைப் பெருமளவு கணிக்கிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கு அந்தக் கருவி எதுவும் தேவையில்லை. அறுவை முடிந்து எடுத்த முதல் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பழைய படத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

24 ஜனவரி

மேல்முனையில் எலும்பு மெலிந்து தெரிகிறதே என்று இன்னொருவர் பயந்திருக்கிறார். அது பெரும்பாலும் ஒட்டு நன்றாக இருப்பதன் பக்கவிளைவு. எலும்பு தன் மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் என்று ஜூலியஸ் வுல்ஃப் 1892இல் எழுதினார். தொடை எலும்பின் கெட்டியான சுவருக்கு விறைப்பு 15 முதல் 20 கிகாபாஸ்கல், டைட்டானியக் கலவைக்கு 110, கோபால்ட் குரோமுக்கு 200க்கும் மேல். விறைப்பானதும் நெகிழ்வானதும் ஒட்டி நின்றால் விறைப்பானதுதான் பாரத்தை வாங்கும். மேலே உள்ள எலும்புக்கு வேலை குறையும், அது மெலியும். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் அதிகமாக நடந்து, பிறகு பெரும்பாலோருக்கு நின்றுவிடும்.

தளர்ந்த ஸ்டெம்மைச் சுற்றி இந்த வகை மெலிவு வராது, அங்கே பாரம் இன்னும் எலும்பின் மேலேயே விழுகிறது. மெலிவைக் கண்டு நான் முதலில் வருந்தினேன். காரணம் புரிந்த பிறகு வருத்தம் பாதியாகிவிட்டது. முழுக்கப் போகவில்லை, அந்த எலும்பு இன்னும் பல வருடம் எனக்கு வேண்டும்.

2 பிப்ரவரி

எழுந்து நடக்கும் முதல் சில அடிகளில் தொடையின் நடுவில் ஒரு வலி பற்றிக் கேட்டீர்கள். எனக்கும் முதல் வருடம் இருந்தது. ஸ்டெம் நுனிக்கு நேர் எதிரே. விறைப்பான நுனியும் வளையும் எலும்பும் சந்திக்கும் இடம் அது. பலருக்குத் தானாக அடங்கும். அடங்காமல் கூடினால், அல்லது வருடக்கணக்கில் இல்லாதது திடீரென வந்தால், உடனே காட்டவேண்டும். எலும்பு பிடிக்காத ஸ்டெம்முக்கும் முதல் அறிகுறி இதே இடத்து வலிதான்.

11 பிப்ரவரி

இதுவரை ஸ்டெம் பற்றியே பேசினேன். கப் வேறு கதை.

தொடக்கக் காலத்தில் வழவழப்பான கப்பின் மேல் நேராக ஹைட்ராக்ஸிஅபடைட் பூசிச் சில வகைகள் வந்தன. பூச்சு இருந்தவரை எலும்பு பிடித்தது. பூச்சு போனபின் பற்றிக்கொள்ள அடியில் கரடுமுரடே இல்லை. பல தளர்ந்தன. கேள்வி கேட்டவரை மிரட்டிய கதைக்கு வேர் இங்கேதான் இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்வீடன் இடுப்பு மூட்டுப் பதிவேட்டை வைத்து 2010இல் வந்த ஆய்வும், ஹைட்ராக்ஸிஅபடைட் பூசிய கப்களுக்கு மறு அறுவை வாய்ப்பு அதிகம் என்றே சொன்னது.

ஆகவே பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. நுண்துளைப் படலமோ மணல் வீசிய சொரசொரப்போ இருந்தால், பூச்சு கரையும் இடத்தில் எலும்பு நேராக டைட்டானியத்தையே பிடித்துக்கொள்கிறது. டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் எப்போதும் இருக்கும், எலும்பு அதை வெறுப்பதில்லை. 1952இல் பெர் இங்வர் பிரோன்மார்க் முயல் எலும்பில் டைட்டானியக் குழல் வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கப் போனார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் குழல் வரவில்லை. அதில் பூச்சே கிடையாது. இன்றைய டைட்டானியப் பல் உள்பொருத்திகளுக்கு வழி திறந்தது அந்தக் குழல்தான்.

பூச்சே இல்லாமல் நுண்துளைகளை மட்டும் நம்பும் ஸ்டெம்களும் உண்டு. துளை 50 முதல் 400 மைக்ரான் வரை இருந்தால் எலும்பு உள்ளே வளர்ந்து பூட்டிக்கொள்கிறது. டான்டலம் நுரை உலோகத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் காற்றுவெளிதான்.

12 பிப்ரவரி

"ஸ்டெம் முழுக்க எலும்பு பிடித்திருக்குமா?" இல்லை. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த, வாழ்ந்தவரை நன்றாக நடந்த மூட்டுகளை அறுத்துப் பார்த்த ஆய்வுகளில், நுண்துளைப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் எலும்பு இருந்தது. அந்த மனிதர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இதைப் படித்த அன்று நான் அடைந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

6 மார்ச்

பூச்சை யார் கரைக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டேன். திரவம் மட்டுமல்ல. எலும்பைத் தின்னும் செல்கள் பூச்சையும் எலும்பாகவே எடுத்துக்கொண்டு, அமிலம் சுரந்து குடைகின்றன. பின்னாலேயே கட்டும் செல்கள் வந்து அந்தக் குழியை நிரப்புகின்றன. ஒரு சுற்று முடிய சில மாதம் ஆகும். உடம்பின் மற்ற எலும்புகளில் நடக்கும் அதே புதுப்பிப்புதான். வருடத்துக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் எலும்பு இப்படி மாறிக்கொண்டிருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் ஸ்டெம்மைப் பிடித்த எலும்பில் பெரும்பகுதி இன்று அங்கே இல்லை, அதன் இடத்தில் வேறு எலும்பு பிடித்திருக்கிறது.

இதைத் தடுப்பதும் கெடுப்பதும் என்ன என்று கேட்டால்: புகை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை. அந்த இடத்தில் முன்பு கொடுத்த கதிர்வீச்சு. இண்டோமெதசின் போன்ற வலி மாத்திரைகள் எலும்பு வளர்ச்சியைக் குறைப்பதை விலங்குச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தசையில் வேண்டாத எலும்பு வளராமலிருக்க மருத்துவர்களே அதைக் கொஞ்ச நாளுக்குக் கொடுப்பதும் உண்டு. எழுதிக்கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுக்காமல் மாதக்கணக்கில் விழுங்கவும் வேண்டாம்.

19 மார்ச்

நன்றாகப் பிடித்த மூட்டுக்குப் பத்தாவது, பதினைந்தாவது வருடத்தில் உண்மையான எதிரி தேய்மானத் துகள்தான். கப்பின் உள்ளே இருக்கும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தேய்ந்து நுண்துகள் உதிரும். அதை விழுங்கும் செல்கள் எரிச்சலாகி எலும்பைத் தின்னவைக்கும். ஸ்டெம்மைச் சுற்றி முழுவட்டமாக எலும்பு ஒட்டியிருந்தால் துகள் கீழே இறங்க வழியில்லை. 1980களில் திட்டுத்திட்டாகப் பூச்சிருந்த ஸ்டெம்களில் நடுவே வழி இருந்தது, துகள் அதன்வழியே நுனிவரை போய்ச் சேர்ந்தது. குறுக்குப் பிணைப்பு கூட்டிய பாலிஎத்திலீன் 1990களின் கடைசியில் வந்த பிறகு தேய்மானம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

அம்மாவுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். துகளால் எலும்பு கரையும்போது வலி வராமலே போகலாம்.

20 மார்ச்

எதிர்க்கருத்து ஒன்று வந்திருக்கிறது, நியாயமானது. "எல்லாருக்கும் இதுதான் நல்லது என்று தொனிக்கிறதே?" இல்லை. ஆங்கிலேய அறுவை மருத்துவர் சார்ன்லி 1960களில் பரவலாக்கிய சிமென்ட் முறை இன்றும் நிற்கிறது. சிமென்ட் கால் மணி நேரத்துக்குள் இறுகி, முதல் நாளே முழுப் பிடிப்பைத் தரும். எலும்பு வளரக் காத்திருக்கத் தேவையில்லை. வயதான, மெலிந்த எலும்புள்ளவர்களுக்கு ஸ்டெம்மை அடித்து இறக்கும்போதோ அதன் பின்னரோ எலும்பு முறியும் வாய்ப்பு சிமென்ட் இல்லாத முறையில் அதிகம். அவர்களுக்கு நானே சிமென்ட்டைத்தான் கேட்கச் சொல்வேன்.

3 ஏப்ரல்

தொற்று வந்து, நன்றாகப் பிடித்த ஸ்டெம்மைக் கழற்றவேண்டி வந்தால்? ஒருவர் தன் அப்பாவுக்காகக் கேட்கிறார்.

இழுத்தால் வராது. மெல்லிய உளிகளை ஸ்டெம்முக்கும் எலும்புக்கும் நடுவே சுற்றிலும் செலுத்தி, பாலங்களை ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் தொடை எலும்பின் வெளிப்பக்கச் சுவரை நீளமாக ஒரு பலகையாக அறுத்துத் திறந்து, ஸ்டெம்மை எடுத்தபின் அந்தப் பலகையை மூடிக் கம்பியால் கட்டுவார்கள். அது பொதுவாகச் சில மாதத்தில் கூடிவிடும். பூச்சு எப்போதோ கரைந்துபோன ஸ்டெம்களுக்கும் இந்த வேலை தேவைப்படுகிறது.

அப்பாவுக்கு அறுவை செய்பவரிடம் இரண்டு கேளுங்கள். உள்ளே இருக்கும் ஸ்டெம்மின் பெயரும் அளவும் முதல் அறுவைக் குறிப்பில் இருக்கிறதா என்பது ஒன்று. பூச்சு மேல்பாதியில் மட்டுமா, நுனிவரையா என்பது இன்னொன்று. நுனிவரை என்றால் திறப்பு நீளமாகும், ஊன்றாமல் இருக்கும் காலமும் கூடும். அந்தக் குறிப்பு கிடைக்கவில்லையென்றால் பழைய எக்ஸ்ரேவை இங்கே போடாதீர்கள், பெயர் இருக்கும். மருத்துவரிடம் கொடுங்கள், வடிவத்தை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.